கனடாவிலிருந்து வந்த ஒலி அட்டை இயந்திரத்தில் (காந்தப்பட்டை ஒட்டிய அட்டையில் சொல்லைப் பதிந்து கேட்கும் கருவி) குரல் ஏன் தடித்துக் கேட்கிறது? பிள்ளையின் பேச்சுப் பயிற்சிக்கு அதை எப்படிப் பாவிப்பது?

முதலில் கரண்ட். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் வோல்ற்றை மட்டுந்தான் குறைக்கும். ஏசி மோட்டர் உள்ள இயந்திரம் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு மெதுவாக ஓடும், அதனால்தான் அங்கே பதிந்த குரல் தடிக்கிறது. அதே இயந்திரத்தில் நீங்களே பதிந்தால் சரியாகக் கேட்கும். குரல் தள்ளாடினால் குற்றம் அட்டையை இழுக்கும் றப்பர் உருளையில்: வழுக்குகிறது. மங்கினால், காந்தப்பட்டையில் உரசி ஒலியைப் படிக்கும் ஒலித்தலையை ஐசோபுரோபைல் அற்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள்.

அட்டையின் அடியில் ஓடும் காந்தப்பட்டையில் இரண்டு தடங்கள். ஆசிரியர் தடத்தில் உங்கள் குரலைப் பதிந்து, சுவிட்சை மாணவர் பக்கம் மாற்றிவிடுங்கள். மறந்தால், பிள்ளை பதியும்போது உங்கள் குரல் அழிந்துபோகும். சில விநாடிகளே கிடைக்கும், ஆகவே ஒரு சொல் போதும்.

'க'வைத் 'த' என்னும் பிள்ளைக்கு விறகுக் கட்டு ஓர் அட்டை, சாப்பாட்டுத் தட்டு ஓர் அட்டை. முதலில் கேட்டுப் படத்தைக் காட்டட்டும். வேறுபாடு காதில் பிடிபட்ட பிறகே சொல்லிப் பதியவேண்டும். பிறகு இரு தடங்களையும் மாறிமாறிப் போடுங்கள். பலர் கேட்டுப் படம் காட்டும் முதற்படியைச் செய்யாமலே தாண்டிவிடுகிறார்கள். ஒன்று: 'பழம்' 'பளம்' ஆவதைப் பிழையென்று எழுதாதீர்கள், வீட்டிலும் அப்படித்தானே பேசுகிறோம்!

மாரியில் அட்டை வளைந்தால் ஒலித்தலையில் ஒட்டாமல் சொல் பாதியில் விழுங்கப்படும். பிஸ்கட் பேணிக்குள் நெருக்கமாக நிறுத்தி வையுங்கள், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம்.