வாசகர் கேள்விகள்: குதிரைத்திறனை நிர்ணயிப்பது யார்?

கேள்வி: அமெரிக்காவின் ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் டிராக் பந்தயங்களில், கார் நிறுவனம் அறிவித்த குதிரைத்திறனை ஏற்காமல் பந்தய அமைப்பே வேறோர் எண்ணை நிர்ணயிக்கிறது என்று படித்தேன். எஞ்சினைச் செய்தவர்களை விட இவர்களுக்கு அதிகம் தெரியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எஞ்சினைச் செய்தவர்களுக்கு உண்மையான திறன் நன்றாகவே தெரிந்திருந்தது, ஆனால் அவர்கள் அறிவித்த எண் எப்போதும் அந்த உண்மையைச் சொல்லவில்லை. என்.எச்.ஆர்.ஏ. எனப்படும் தேசிய ஹாட் ராட் சங்கம் நடத்தும் இப்பந்தயங்களில், அதாவது தொழிற்சாலையில் செய்த கார்கள் நேரான கால் மைல் தடத்தில் இரண்டிரண்டாக ஓடும் போட்டிகளில், காரின் எடையைக் குதிரைத்திறனால் வகுத்து வரும் விகிதத்தைக் கொண்டே அது எந்தப் பிரிவில் ஓடும் என்பது முடிவாகிறது. ஆகவே திறனைக் குறைத்துச் சொன்ன கார், தன்னை விட மெதுவான கார்களுக்கு நடுவே போய் நிற்கும். 1960களின் இறுதியில் காப்பீட்டு நிறுவனங்கள் அதிகத் திறனுள்ள கார்களுக்குக் கட்டணத்தை உயர்த்தியதும் குறைத்துச் சொல்வதற்கு இன்னொரு காரணமாயிற்று.

இதற்குச் செவர்லே கார்வெட்டை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1967இல் அந்தக் காருக்குக் கிடைத்த 427 கன அங்குல எஞ்சின்களில் எல்71க்கு 435 குதிரைத்திறன் என்றும், பந்தயத்திற்காகவே உருவாக்கப்பட்ட எல்88க்கு 430 என்றும் அறிவித்தார்கள். அதிக அழுத்த விகிதமும் பெரிய கார்புரேட்டரும் கொண்ட எல்88, மற்றதை விட மிகவும் வலிமையானது என்பதைக் களத்தில் எவரும் காண முடிந்தது. எஞ்சின் தன் உச்சத்தை எட்டுவதற்கு முன்பே, குறைந்த சுழற்சி வேகத்தில் கிடைக்கும் திறனை மட்டும் எடுத்து எழுதிவிட்டால், சொன்ன எண் பொய்யென்று ஆகாது. ஆனால் முழு உண்மையும் வெளிவராது.

ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட் எஞ்சினுக்கு அறிவிக்கப்பட்டது 335 குதிரைத்திறன். 1968 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த வின்டர்நேஷனல்ஸ் போட்டியில் அந்த எஞ்சின் பொருத்திய ஃபோர்டு மஸ்டாங் கார்கள் இறங்கின. அவற்றில் ஒன்றை ஓட்டிய ஆல் ஜோனியக் சூப்பர் ஸ்டாக் பட்டத்தை வென்றார். பின்னர் என்.எச்.ஆர்.ஏ. அந்த எண்ணை 360 ஆக உயர்த்தியது. அந்த உயர்வு நியாயமானது என்றே கருதுகிறேன்.

கேள்வி: எண்ணை 10 கூட்டினால் என்ன பெரிய இழப்பு வந்துவிடப் போகிறது?
– வாசகர், மதுரை

பதில்: 3,500 பவுண்டு எடையும் 350 குதிரைத்திறனும் உள்ள காரின் விகிதம் 10. அதை 360 ஆக உயர்த்திவிட்டால், அதே விகிதத்தில் நிற்பதற்குக் கார் 3,600 பவுண்டு இருக்க வேண்டும். கால் மைல் ஓட்டத்தில் 100 பவுண்டு கூடினால் ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி போகும் என்பது ஓட்டுநர்களின் அனுபவக் கணக்கு. ஒரே பிரிவைச் சேர்ந்த இரு கார்கள் எந்தச் சலுகை நேரமும் இன்றி ஒன்றாகக் கிளம்பும்போது, வெற்றி ஆயிரத்தில் சில பங்கு வினாடிகளில்கூடத் தீர்மானமாகிவிடும்.

கேள்வி: எஞ்சினின் கொள்ளளவை மட்டும் பார்த்துப் பிரித்தால் இந்தத் தகராறே வராதே?
– வாசகர், திருச்சி

பதில்: வரும், இன்னும் அதிகமாகவே வரும். 1970ஆம் ஆண்டின் செவர்லே 350 கன அங்குல எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு துளைக் கார்புரேட்டர் பொருத்திய வகைக்கு 250 குதிரைத்திறன். எல்டி-1 வகைக்குக் கார்வெட்டில் 370, கமாரோவில் 360. கொள்ளளவு எல்லாவற்றுக்கும் ஒன்றே. இதனால்தான் ஆண்டு, கார், எஞ்சின், கார்புரேட்டர் ஆகியவை சேர்ந்த தொகுப்பை ஒரு ‘காம்பினேஷன்’ என்று கொண்டு, அதற்கென ஓர் எண் தரப்படுகிறது. 1972 வாக்கில் அமெரிக்க நிறுவனங்கள், துணைக்கருவிகள் இல்லாத வெற்று எஞ்சினை அளப்பதை விட்டு, காரில் பொருந்திய நிலையில் கிடைக்கும் நிகரத் திறனை அறிவிக்கத் தொடங்கின. 1971இல் 330 என்றிருந்த கார்வெட் எல்டி-1, 1972இல் 255 ஆனது. வீழ்ச்சியின் பெரும்பகுதி அளவுமுறை மாறியதால் வந்தது. இப்படிப்பட்ட எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரிவுகளை வகுக்க முடியாது.

கேள்வி: ஒருவர் உழைத்துத் தன் காரை வேகமாக்கினால், அதே காம்பினேஷன் வைத்திருக்கும் எல்லோருக்கும் எண் உயருகிறது. இது நியாயமா?
– வாசகர், சேலம்

பதில்: இந்த முறையின் மிகப் பெரிய குறை இதுதான். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அடிப்படை நேரம் உண்டு. அதைக் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் முந்தும் ஓட்டங்களைக் கணக்கில் எடுத்து, அந்தக் காம்பினேஷனின் குதிரைத்திறனை உயர்த்தும் தானியங்கி விதியை என்.எச்.ஆர்.ஏ. வைத்திருக்கிறது. அதிகாரிகளின் தனிப்பட்ட விருப்பு வெறுப்புக்கு இடம் தராமல் கடிகாரத்தை நம்புவதால் அடிப்படையில் இதை ஆதரிக்கிறேன். ஆனால் எண் உயர்ந்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள் முடிவுக்கோட்டுக்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள். அப்போது கடிகாரம் காரின் வேகத்தைக் காட்டாமல் ஓட்டுநரின் எச்சரிக்கையைக் காட்டுகிறது. மறுபுறம், பல்லாண்டுகள் செலவழித்து ஒருவர் தன் எஞ்சினை மெருகேற்றினால், சாதாரணமாக ஓடும் மற்றொருவரும் அவரோடு சேர்ந்து எடை கூட்ட நேர்கிறது. ஒரே காரின் ஓட்டத்தை வைத்து முடிவெடுக்காமல், பல ஓட்டுநர்கள் பல மைதானங்களில் ஓடிய சராசரியைப் பார்ப்பதும், உயர்த்துவதில் காட்டும் அதே வேகத்தைக் குறைப்பதிலும் காட்டுவதும் அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

2008இல் ஃபோர்டு கோப்ரா ஜெட் மஸ்டாங்கைப் பந்தயத்திற்கென்றே மீண்டும் தயாரித்தபோதும், பின்னர் அதே போன்ற பந்தயக் கார்களாக டாட்ஜின் டிராக் பேக்கும் 2012இல் செவர்லேயின் கோபோ கமாரோவும் வந்தபோதும் இதே பழைய சச்சரவுதான் எழுந்தது. தொழிற்சாலையிலிருந்து புதிதாக வரும் காருக்குக் களத்தில் ஓடிய பதிவு எதுவும் கிடையாது. அதற்குத் தரும் தொடக்கக் குதிரைத்திறன் எண் உண்மையை விடக் குறைவாக அமைந்துவிட்டால், அது திருத்தப்படும் வரை பழைய கார் வைத்திருப்பவர்களே அந்த இழப்பைச் சுமக்கிறார்கள்.

கேள்வி: ஒவ்வொரு காரின் எஞ்சினையும் திறன் அளக்கும் கருவியான டைனமோமீட்டரில் ஏற்றி அளந்துவிடலாமே?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அளக்கலாம், ஆனால் போட்டியின் பொருளே போய்விடும். ஸ்டாக் பிரிவில், எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் வால்வை எவ்வளவு உயரம் தூக்கலாம் என்பது தொழிற்சாலை அளவோடு நிற்கிறது. எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்பதோ எஞ்சினை அமைப்பவரின் விருப்பம். அந்த இடைவெளியில்தான் திறமை வேலை செய்கிறது. அதன் பலனை அளந்து அவருக்கே எடையாகச் சுமத்துவது முறையல்ல. எண் காம்பினேஷனுக்கு உரியதாகவே இருக்கட்டும். விதி மீறப்படவில்லை என்பதைப் பார்க்க, இப்போது நடப்பதைப் போல வென்ற காரின் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர் ஹெட்டின் கொள்ளளவையும் கேம்ஷாஃப்ட்டையும் சோதிப்பதே போதுமானது.