கொட்டகைக்கு இரும்பு வாங்கும் முன் எடை போடுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். மாலையில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க, ஊர்ப் பொது இடத்தில் 20 அடிக்கு 12 அடியில் ஒரு கொட்டகை போட இருக்கிறோம். இளைஞர்கள் பதினான்கு பேர் கூலி வாங்காமல் உழைக்கிறோம். வசூலில் 95,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. ஒரு பட்டறைக்காரர் சதுர அடிக் கணக்கில் மொத்தமாக ஒப்பந்தம் கேட்கிறார். இன்னொருவர், பொருளை நீங்களே வாங்குங்கள், எனக்குக் கூலி மட்டும் போதும் என்கிறார். எதை ஏற்பது? செலவு குறையக் கீற்று வேயலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பதில்: கீற்று வேண்டாம், தம்பிகளே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. பிள்ளைகள் கூடி உட்காரும் இடத்துக்கு மேலே எரியக்கூடிய எதையும் வைக்காதீர்கள். வெயிலுக்கு அஞ்சித்தான் பெரியவர்கள் கீற்றைச் சொல்கிறார்கள் என்று புரிகிறது. வெளிர் நிறக் கலர் ஷீட் வாங்குங்கள், உயர்ந்த பக்கத்தைப் பத்தடியாக வையுங்கள், நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். சுவருக்குப் பணம் இல்லை என்று வருந்தவே வேண்டாம்.

பொருளை நீங்களே வாங்குங்கள். சதுர அடி ஒப்பந்தத்தில் என்ன தடிமன் இரும்பு வருகிறது என்பது கொட்டகை நிற்கும்வரை தெரியாது, நின்ற பிறகு கேட்டுப் பயனும் இல்லை. நானும் நண்பர்களும் ஒரு பள்ளிக்குச் சைக்கிள் நிறுத்தக் கொட்டகை போட்டபோது, 2 மில்லிமீட்டர் என்று சொல்லிக் கொடுத்த குழாயை அப்படியே நம்பி இறக்கினோம். வெல்டர் அறுத்துக் காட்டியபோதுதான் அது 1.6 என்று தெரிந்தது. அதற்குள் பாதிக் கால்கள் நட்டாகிவிட்டன. பத்தும் ஐம்பதுமாகக் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

கடையில் ‘14 கேஜ்’ என்றால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், ‘16 கேஜ்’ என்றால் 1.6 மில்லிமீட்டர். 50 மி.மீ. சதுரக் குழாய், 6 மீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒரு குழாய் கிட்டத்தட்ட 18 கிலோ இருக்க வேண்டும். 14½ கிலோதான் இருக்கிறது என்றால் அது 1.6. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே குழாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசாதீர்கள். கிலோவுக்குப் பேசுங்கள், எடை மேடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கிலோ விலையில் வாங்கினாலும் தடிமனைப் பார்த்துத்தான் ஆகவேண்டும், ஏனென்றால் மெல்லிய குழாய்க்குப் பணம் குறைவாக ஆகும், பலமும் குறைவாகவே இருக்கும். உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் தடிமன் அளக்கும் ஸ்க்ரூ கேஜ் இருக்கும். ஆசிரியரிடம் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கிக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஷீட்டையும் அதிலேயே அளந்துவிடலாம். 0.50 மில்லிமீட்டர் என்று விற்கப்படுவது வண்ணப் பூச்சையும் சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

கடலோரத்துக்கு இன்னொன்று. ஷீட் போட்டால் பாரம் தாங்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் பக்கத்தில் கவலைப்பட வேண்டியது பாரத்தைப் பற்றி இல்லை, காற்று கூரையைத் தூக்குவதைப் பற்றி. மணிக்கு 120 கி.மீ. வேகக் காற்றின் விசை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 68 கிலோ. உங்கள் 240 சதுர அடிக் கூரைக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை டன் வருகிறது. ஷீட்டும் குழாயும் சேர்ந்து அரை டன்கூடத் தேறாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் என்ன செய்தது என்பதை உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே கொட்டகையைத் தரையோடு பிடித்து வைப்பது கடைக்கால்தான். கால்கள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடிச் சதுரத்தில் மூன்றடி ஆழக் குழி. நிறையக் கான்கிரீட் போட்டால் ஒரு குழி 450 கிலோவுக்குக் குறையாமல் கனக்கும், ஆறுக்கும் சேர்த்து 2.7 டன். குழாயின் அடியில் குறுக்காக ஒரு கம்பித் துண்டை வெல்டிங் செய்துவிட்டுப் புதையுங்கள், இல்லாவிட்டால் கான்கிரீட்டை விட்டுவிட்டுக் குழாய் மட்டும் உருவிக்கொண்டு வரும். ஆறு குழிக்கும் எட்டு மூட்டை சிமெண்டுக்குள் முடியும். தோண்டுவதும் கலப்பதும் உங்கள் பதினான்கு பேர் வேலை, இங்கேதான் கூலி மிச்சம். வெல்டருக்கு மட்டும் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள்.

துரு முதலில் பிடிப்பது குழாய் மண்ணைத் தொடும் இடத்தில். கான்கிரீட்டை நிலத்துக்கு மேல் நாலு அங்குலம் உயர்த்தி, தண்ணீர் வழிந்து ஓடும்படி சரித்துப் பூசுங்கள். உப்புக்காற்றுக்குத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் நல்லது. ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், அங்கெல்லாம் சிங்க் பெயிண்ட் இரண்டு முறை அடியுங்கள். ஷீட்டை முடுக்க ரப்பர் வாஷர் வைத்த செல்ப் டிரில்லிங் ஸ்க்ரூ வாங்குங்கள். காற்று முதலில் பிய்ப்பது ஓரங்களை, ஆகவே ஓரங்களில் ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடுங்கள்.

முதல் குழி தோண்டுவதற்கு முன் ஊராட்சித் தீர்மானம் எழுத்தில் கையில் இருக்கட்டும்.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் 18 விழுக்காடு வரியைக் கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்கிறார். பொதுக் காரியத்துக்குத்தானே, வாங்கிக்கொள்ளலாமா? எங்கள் மன்றம் பதிவு செய்யப்படாதது. பில் இருந்தாலும் எங்களால் வழக்குப் போட முடியுமா?

பதில்: கூடாது. பொதுக் காரியம் என்பதால்தான் பில் கட்டாயம் வேண்டும். வசூல் கொடுத்த ஒவ்வொருவருக்கும் கணக்குக் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தத் தாள்தான். பில் தராமல் விற்பதையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. காலம் குறிக்காவிட்டால் 30 நாள். பில்லே இல்லாவிட்டால் எந்தக் கடையில், எந்த நாளில், என்ன தடிமன் வாங்கினோம் என்று எதைக் காட்டுவீர்கள்? சிமெண்டுக்கு 28 விழுக்காடாக இருந்த வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பழைய வரியைப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பதிவு இல்லையே என்று தயங்க வேண்டாம். பதிவு செய்யாத சங்கமும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரு ‘நபர்’தான். நீங்கள் விற்கவோ லாபத் தொழிலுக்கோ வாங்கவில்லை, ஆகவே நுகர்வோர். மன்றத்தின் பெயரிலேயே பில் போடச் சொல்லுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் வீட்டை இடிக்கிறார். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் இரும்புக் குழாய்களையும் கொட்டகைக்கு இலவசமாகத் தருகிறேன் என்கிறார்.

பதில்: குழாயை வாங்குங்கள், ஷீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பழைய ஷீட்டை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் கிளம்பும் தூசிதான் ஆபத்து, அதைச் சுவாசிக்கப்போவது நீங்கள் பதினான்கு பேரும். குழாயைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் எடுங்கள், சொத்தென்று கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது. நல்லதாக இருந்தாலும் அதைக் காலாக நடாதீர்கள், ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.