கைதட்டிப் பார்த்தீர்களா? ஹோம் தியேட்டர் கேள்வி பதில்

வீடு வீடாகப் போய் ஸ்பீக்கர் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து, வந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, ஃபிளாட் ஹால் 12க்கு 10 அடி. டிவி இருக்கு. கையில ஒரு லட்சம். எந்த பிராண்டு வாங்கலாம்?

பிராண்டுக்கு அப்புறம் வருவோம் தம்பி. முதலில் ஹால் நடுவில் நின்று பலமாக ஒரு தடவை கைதட்டுங்கள். தட்டிய சத்தம் அங்கேயே அடங்காமல் 'டர்ர்ர்' என்று இழுத்தால், அந்த அறையில் மூன்று லட்சத்துக்கு வாங்கினாலும் வசனம் குழம்பும். நம் வீடுகளில் தரையில் டைல்ஸ், சுவரில் சிமெண்டுப் பூச்சு, மேலே கான்கிரீட். சத்தத்தைக் குடிக்க எதுவுமே இல்லை. கனமான திரைச்சீலை, சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவில் தடிமனான தரைவிரிப்பு, துணி உறை போட்ட சோஃபா: இந்த மூன்றும் செய்யும் வேலையை ரிசீவரில் (டிவி சத்தத்தை வாங்கி, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) இருக்கும் எந்த பட்டனும் செய்யாது.

பணத்தைப் பிரிப்பது என்றால் பாதிக்குக் குறையாமல் ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் (பேஸ் என்கிற அடிச் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர் பெட்டி) ஒதுக்குங்கள். 40,000 அளவில் ரிசீவர். மிச்சம் வயர், ஸ்டாண்ட், திரைச்சீலை. கடைக்காரர் "இன்னும் ஒரு பத்தாயிரம் போட்டா அடுத்த மாடல் ரிசீவர்" என்பார். அந்தப் பத்தாயிரத்தை சப்வூஃபரில் போடுங்கள்.

அதே ஹாலுக்கு எத்தனை இஞ்ச் டிவி சரி?

உட்காரும் இடத்திலிருந்து திரை வரை இஞ்சில் அளந்து 1.6ஆல் வகுங்கள். 9 அடி என்றால் 108 இஞ்ச்; வகுத்தால் 67. ஆக 65 இஞ்ச் டிவி. தியேட்டரில் நடு வரிசைக்கு முன்னால் உட்கார ஆசைப்படுகிறவர் 1.2ஆல் வகுக்கலாம். அது 90 இஞ்சுக்குப் போகும், அப்புறம் பாட்டி "கண்ணு வலிக்குது" என்றால் என்னைக் கேட்கக் கூடாது.

சார், எங்க ஊர்ல ஒருத்தர் 5.1 (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் பண்ணித் தர்றார். 4440 ஐசி (சத்தத்தைப் பெருக்குற சிப்) போட்ட போர்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், 5 ஆம்ப்ஸ். 1000 வாட்ஸ்னு சொல்றார். வாங்கலாமா?

கடையில் அடுக்கி வைத்த எந்தப் பெட்டியையும் விட இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். நானும் 4440 போர்டில் கை சுட்டுக்கொண்டுதான் தொழில் கற்றேன்.

கணக்கு மட்டும் போடுவோம். 12-0-12 என்றால் இரண்டு முனைக்கும் நடுவில் 24 வோல்ட். அதை 5 ஆம்ப்ஸால் பெருக்கினால் 120. சுவரிலிருந்து அந்த டிரான்ஸ்ஃபார்மர் தொடர்ந்து இழுத்துத் தரக்கூடியது அவ்வளவுதான். அதில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம். 4440 ஐசி ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட்ஸ், இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி பிரிட்ஜ் பண்ணினால் 19 வாட்ஸ். இதில் 1000 எங்கிருந்து வரும்? பெட்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலிருந்துதான்.

ஆனால் 6 வாட்ஸ் கேவலம் இல்லை. சாதாரண ஸ்பீக்கர் ஒன்று 1 வாட்டுக்கு, 1 மீட்டர் தூரத்தில், 88 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) தரும். 10 அடி தள்ளி உட்கார்ந்தால் அது சுமார் 78. வாட்ஸை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு தடவையும் 3 டெசிபல் மட்டுமே ஏறும். 16 வாட்ஸுக்கு 90 ஆகிவிடும். வீட்டில் பேசுவது கேட்காது. 100 வாட்ஸுக்கும் 200 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் அதே 3 டெசிபல்தான். சின்ன ஆம்ப்ளிஃபையரின் தொல்லை வேறு: குண்டு வெடிக்கும் காட்சியில் சக்தி தீர்ந்து சத்தம் கரகரக்கும். கேட்கச் சகிக்காது என்பது ஒரு பக்கம், தொடர்ந்தால் முதலில் போவது ட்வீட்டர், அதாவது கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்.

அவரிடம் வாட்ஸைக் கேட்காதீர்கள். "டீகோடர் என்ன போட்டிருக்கீங்க? டால்பி டிஜிட்டலை எடுக்குமா?" என்று கேளுங்கள். படத்தில் சுருக்கி வைத்திருக்கும் ஆறு சேனல் சத்தத்தைப் பிரித்துத் தருவதுதான் டீகோடர்; டால்பி டிஜிட்டல் அப்படிச் சுருக்கும் ஒரு முறை. நிறைய பெட்டிகளில் இரண்டு சேனல் சத்தத்தையே ஆறாகப் பிரித்துவிட்டு 5.1 என்று பெயர் வைத்திருப்பார்கள். உண்மையான டீகோடர் இருந்து, கைவேலை சுத்தமாக இருந்து, ரிப்பேருக்கு அவர் அதே தெருவில் இருக்கிறார் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றி ஃபோம் வளையம் வேண்டாம், ரப்பர் வேண்டும். நம் வெயிலிலும் ஈரத்திலும் ஃபோம் சில வருடத்தில் அப்பளமாய் நொறுங்கும்.

பாட்டு பிரமாதமா இருக்கு. ஆனா படத்துல வசனம் கேக்கல. சண்டை வந்தா குறைக்கணும், பேசினா கூட்டணும். அம்மா ரிமோட்டைக் கீழ வைக்கிறதே இல்ல.

நடு ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது அக்கா? *(ஷோகேஸ் உள்ளே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் என்று பதில் வந்தது.)*

அதுதான். படத்தில் பேச்சின் பெரும்பகுதி அந்த ஒரு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அதைக் குகைக்குள் வைத்தால் குடத்துக்குள் பேசுவது போலத்தான் கேட்கும். அலமாரியில்தான் இருந்தாக வேண்டும் என்றால் கதவைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரின் முகம் பலகையின் விளிம்பைத் தொடும்படி முன்னால் இழுங்கள். முழங்கால் உயரத்தில் இருந்தால் முன்பக்கம் ஒரு சின்னக் கட்டை கொடுத்து, சோஃபாவில் இருப்பவர் காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். பிறகு ரிசீவர் மெனுவில் சென்டர் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். இரவில் 'நைட் மோடு' போட்டால் பெரிய சத்தம் இறங்கி, சின்னது ஏறும். அம்மா கைக்கு ஓய்வு.

இன்னொன்று, 'ஆல் சேனல் ஸ்டீரியோ' போட்டு வைத்திருக்கிறீர்களா? எல்லா ஸ்பீக்கரும் ஒரே சத்தம் போடுவதால் கடையில் அதைத்தான் போட்டுக் காட்டுவார்கள். பண்டிகை நாளில் பாட்டு கேட்க நல்லது, படத்துக்கு ஆகாது.

பின்னாடி ஸ்பீக்கர் ரெண்டையும் கூரை மூலையில ஆணி அடிச்சு மாட்டிட்டாங்க. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான். 5.1இல் அவை பின்னால் இருக்க வேண்டியவை அல்ல. பக்கவாட்டில், காதுக்கு நேராகவோ ஒரு சாண் பின்தள்ளியோ, டிவி இருக்கும் திசையிலிருந்து 90 முதல் 110 டிகிரிக்குள். உயரம் காதுக்கு மேல் ஓரடி, இரண்டடி. ஒரு பக்கம் பால்கனிக் கதவு இருக்கிறது என்றால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஸ்டாண்ட் வாங்குங்கள்.

சத்தம் வெளிய போகாம இருக்க முட்டை அட்டை ஒட்டலாமா?

கரப்பான் பூச்சி வளர்க்க ஒட்டலாம். வெளியே போகும் சத்தத்தைத் தடுக்க கனமும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். உள்ளே எதிரொலியைக் குறைக்க 2 இஞ்ச் தடிமனுக்கு ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு) வைத்துத் துணி போர்த்திய பலகை வேண்டும். முட்டை அட்டை இரண்டுக்கும் உதவாது. தீப்பிடித்தால் சொல்லவே வேண்டாம்.

டிவியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் வயர். அட்மாஸ் (மேலிருந்தும் சத்தம் வர்ற டால்பி முறை) லைட் எரியல.

எரியாது. எச்டிஎம்ஐ வயரை இரண்டு பக்கமும் 'ஏஆர்சி' (டிவி சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) என்று எழுதிய துளையில் செருகி, டிவி செட்டிங்கில் சத்தத்தை மாற்றாமல் அப்படியே அனுப்பும் 'பாஸ் த்ரூ' போடுங்கள்.

படம் ஓடாதப்பவும் ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு உறுமல். ஆம்ப்ளிஃபையரை மாத்திட்டாங்க, போகல.

கேபிள் டிவி வயரை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் திருடன் அவன்தான். தெருவில் வரும் கேபிளின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் ஒன்றாக இல்லாததால் நடுவில் ஓடும் மின்சாரம், 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 அதிர்வு) உறுமுகிறது. அந்த வயரில் போட 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று கேளுங்கள், சின்னச் சாமான். சிலர் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிடச் சொல்வார்கள். உறுமல் போகும், ஒரு நாள் ஆளும் போவார். கேட்காதீர்கள்.

வீடு கட்டிட்டு இருக்கோம். நாளைக்கு எலக்ட்ரீஷியன் காடி வெட்ட வர்றார். அவசரம்!

டிவி இருக்கும் சுவரிலிருந்து ஸ்பீக்கர் வரும் ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பைப். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க விடாதீர்கள். பின்னாளில் புரொஜெக்டர் வைக்கும் எண்ணம் இருந்தால் கூரைக்கு ஒரு பெரிய பைப். எச்டிஎம்ஐ வயரின் தலை உள்ளே நுழைய வேண்டும், வளைவுகள் கூர்மையாக இருக்கக் கூடாது. அவ்வளவு தூரத்துக்குச் சாதாரண எச்டிஎம்ஐ 4கே-யில் திணறும். ஃபைபர் வயர் வாங்கி, அம்புக்குறி புரொஜெக்டரைப் பார்க்கும்படி போடுங்கள். திருப்பிப் போட்டுப் பூசிவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. ஸ்பீக்கருக்கு 14 கேஜ் செம்பு வயர். செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். எல்லாப் பைப்பிலும் ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள். சப்வூஃபருக்கு ஒன்றல்ல, இரண்டு இடத்தில் பாயிண்ட்.

சப்வூஃபருக்கு எதுக்கு ரெண்டு இடம்?

எந்த இடத்தில் நன்றாகக் கேட்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கும்மாளம் எழும், 10 அடியில் 56. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் மூன்றும் ஒரே ஹெர்ட்ஸில் குவிந்து, ஒரு மூலையில் காது அடைக்கும், இன்னொரு மூலையில் பேஸே இருக்காது. சப்வூஃபரை சோஃபாவில் தூக்கி வைத்து ஒரு பேஸ் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரம் தவழ்ந்து போங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அதுதான் அதன் இடம். குழந்தைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றார்.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10 மணிக்கு மேல் சட்டம் சொல்லும் அளவு 45 டெசிபல். பேஸ் கான்கிரீட் வழியே இறங்கிப் போகும். அடியில் ரப்பர் வைத்தால் கொஞ்சம் குறையும், நிற்காது. பத்து மணிக்குப் பிறகு சப்வூஃபரை அணைத்துவிட்டு, ரிசீவரிலும் 'சப் இல்லை' என்று மாற்றிவிடுங்கள்.

அண்ணா, முதல்ல கேட்டவன்தான். கைதட்டினேன். 'டர்ர்'னு வருது. ஆனா திரைச்சீலை போட்டா காத்து வராதுன்னு வீட்ல சொல்றாங்க.

படம் பார்க்கும்போது மட்டும் இழுத்துக்கொள்ளும்படி இரட்டைக் கம்பி போடுங்கள் தம்பி. சோஃபாவுக்குப் பின்னால் இருக்கும் வெறும் சுவரில் ஒரு திறந்த புத்தக அலமாரி வைத்து, புத்தகங்களை முன்னே பின்னே அடுக்குங்கள். அப்புறம் மறுபடி ஒரு தடவை தட்டிவிட்டுச் சொல்லுங்கள்.