நண்பர் மறைந்த பிறகு அவருடைய கார்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணி வரும் மன்றத்தினரிடமிருந்தும் அவர்களுடைய குடும்பத்தாரிடமிருந்தும் வந்த சில கடிதங்கள் ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்தமையால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் மன்றத்தைத் தொடங்கி வளர்த்த நண்பர் தை மாதம் காலமானார். அவருடைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரின் எஞ்சினை நாங்கள் நால்வர் சேர்ந்துதான் பல மாதங்கள் உட்கார்ந்து பிரித்துப் பூட்டினோம். இப்போது அவருடைய மகன் அதை வெளிமாநில வியாபாரி ஒருவருக்கு விற்கப் போவதாகச் சொல்கிறார். எங்களைக் கேட்காமல் விற்பது நியாயமா? எங்களுக்கு அதில் ஒரு பாத்தியதையும் இல்லையா? (கோயம்புத்தூர்)

பதில்: இல்லை. கார் அவருடைய வாரிசுகளைச் சேர்ந்தது. நீங்கள் பட்ட பாட்டை நண்பருக்காக மனமுவந்து பட்டீர்கள். அதை அவர் மகனிடம் வரவு வைத்துக் கேட்பது உங்களுக்கும் அழகல்ல, போனவருக்கும் அழகல்ல. ஆனால் பாத்தியதை இல்லை என்பதனால் உங்களுக்கு அங்கே வேலையும் இல்லை என்று ஆகிவிடாது. அந்த வீட்டுக்கு இப்போது உங்களைவிடப் பயன்படக்கூடியவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

முதலில் காகிதங்களைப் பாருங்கள். உரிமையாளர் இறந்தால், வாகனத்தைப் பெறுகிறவர் 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தகவல் தந்துவிட்டு 3 மாதங்கள் வரை அதைப் பயன்படுத்தலாம் என்றும், அந்த 3 மாதங்களுக்குள் படிவம் 31-இல் விண்ணப்பித்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. கருமாதி முடிந்த கையோடு தோட்டத்துப் பத்திரம், வங்கிக் கணக்கு, காப்பீடு என்று அலைகிற குடும்பத்துக்கு, ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும் காரின் நினைவு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். தை முடிந்து மாதங்கள் ஆகிவிட்டபடியால், மகனை அழைத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நீங்களே ஒரு நடை போய் வருவது நல்லது.

அடுத்தது, 2021 ஜூலையில் வந்த விதித் திருத்தம். முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டு 50 ஆண்டுகளுக்கு மேலான, சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத சொந்த உபயோக வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்துகொள்ள அது வழி செய்கிறது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டுகள் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிவான காரைக் கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்காக அன்றி அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. ஸ்பிட்ஃபயர் கார்கள் 1962 முதல் 1980 வரை தயாரானவை. உங்கள் நண்பருடையது அந்த 50 ஆண்டு வரம்புக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதை ஆர்.சி. புத்தகம் சொல்லிவிடும். விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் இதைத் தெரிந்துகொண்ட பிறகு மகன் முடிவு செய்யட்டும்.

மூன்றாவது காரியம் ஷெட்டின் மூலையில் உதிரிபாகங்களோடு கிடக்கும் மரப்பெட்டிகள். ஸ்பிட்ஃபயர், டிரையம்ப் ஹெரால்டு காரின் அடித்தளத்திலிருந்து பிறந்தது. அதே ஹெரால்டுதான் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையில் தயாராகி, நம் ஊர் டாக்டர்கள், வக்கீல்கள் வீட்டு வாசலிலெல்லாம் நின்றது. முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ஆகியவற்றில் இரண்டுக்கும் பொதுவானவை ஏராளம் என்பதால், ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் கண்ணில் பட்ட ஹெரால்டு உதிரிகளையெல்லாம் வாங்கிச் சேர்ப்பது வழக்கம். விவரம் தெரியாதவர் கைக்கு அந்தப் பெட்டிகள் போனால் கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குத்தான் போய்ச் சேரும். ஒரு நாள் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் இன்னது என்று சீட்டு எழுதிக் கட்டிக் கொடுங்கள்.

அதனோடு, வாங்கப் போகிறவருக்கென்று ஒரு பக்கம் எழுதி ஆர்.சி. புத்தகத்துடன் வையுங்கள். முன் சக்கரத்தின் நெட்டு இணைப்பு கீழே மரையேறி நிற்கும் டிரன்னியன் என்னும் பித்தளைத் தாங்கிக்குக் கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்பதை நீங்கள் நால்வரும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். புதிதாக வாங்குபவரின் மெக்கானிக் அதைக் கிரீஸ் நிப்பிள் என்று நினைத்துக் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்திவிட்டால், எண்ணெய் போகாத மரை தேய்ந்தும் துருப்பிடித்தும், ஏதோ ஒரு திருப்பத்தில் இணைப்பு முறிந்து சக்கரம் உள்ளே மடங்கிவிடும். அந்தக் காரில் இனி உட்காரப் போகிறவர் யாரென்றே தெரியாவிட்டாலும், உங்கள் நண்பர் இருந்திருந்தால் இதைச் சொல்லாமல் சாவியைக் கொடுத்திருக்க மாட்டார்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்களில் ஒருவரே வாங்க விரும்பினால் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் மன்றத்துக்கு வெளியே உள்ள ஒருவரைக் கொண்டு மதிப்பிட்டு, வியாபாரி சொன்ன தொகை நியாயமானதாக இருந்தால் அதற்குக் குறையாமல் கொடுங்கள். ‘உங்கப்பாவுக்காக எங்களுக்கு விட்டுக் கொடு’ என்று அந்தப் பையனிடம் பேசுவதைப் போலச் சங்கடமானது வேறில்லை. அவன் மறுத்தாலும் குற்றவாளியாவான், ஒப்புக்கொண்டாலும் ஏமாளியாவான்.

கேள்வி: அப்பா போன பிறகு அவருடைய நண்பர்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு வந்து, அவருடைய எம்.ஜி. காரை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்திருந்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். எல்லோரையும் மாமா என்று அழைத்து வளர்ந்தவள் நான். அம்மா முகம் கொடுத்துப் பேசினாலும் அன்று முழுவதும் சோர்ந்து போகிறார். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: அம்மாவின் சோர்வு அவர்கள் வருவதனாலா, அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்பதனாலா என்பதை முதலில் அவரிடமே கேளுங்கள். இரண்டுக்கும் வழி வேறு வேறு.

சொல்வதற்கு ஒரு நல்ல காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது பழைய எஞ்சினுக்கு நன்மையைவிடக் கெடுதலையே அதிகம் செய்யும். எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுவதால், எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கித் துருவுக்கு இடம் கொடுக்கிறது. கிளட்சும் பிரேக்கும் அசையாமலே இருப்பதால் இறுகிக்கொள்கின்றன. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் அரிக்கும். ஆகவே மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் ஓட்டுவது, ஞாயிறுதோறும் உறும வைப்பதைக் காட்டிலும் நல்லது. இன்ஷூரன்சும் ஆர்.சி.யும் நடப்பில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, வாய்க்கால் ஓரமாகக் கொடிவேரி வரை ஓட்டி வரச் சொல்லுங்கள். அம்மா விரும்பினால் பக்கத்து இருக்கையில் உட்காரட்டும். விரும்பாவிட்டால் காரை ஷெட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போய்ச் சற்றுத் தூரத்தில் ஸ்டார்ட் செய்யச் சொல்லலாம்.

எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்ல வேண்டாம். அவர்களில் மூத்தவரை மட்டும் அழைத்து, “மாமா, இனி மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதுங்க, வர்றதுக்கு முந்தின நாள் அம்மாவுக்கு ஒரு போன் பண்ணிருங்க” என்றால் மற்றவர்களுக்கு அவர் பக்குவமாகச் சொல்லிவிடுவார். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: காரைப் பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வருவது பெரும்பாலும் உங்கள் அப்பாவைத் தேடித்தான். துக்கம் விசாரிக்க ஒரு முறைதான் வரலாம் என்ற வழக்கம் உள்ள ஊரில், ஆண்களுக்கு வேறு சாக்குக் கிடைப்பதில்லை.

கேள்வி: காரை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டால் பெயர் நிலைக்கும் அல்லவா? (ஈரோடு)

பதில்: கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரிலான நிறுவனத்தின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு முறை குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஓட்டவும் பராமரிக்கவும் வீட்டில் ஒருவரும் இல்லை என்றால் கொடுப்பது நல்ல வழிதான். எந்த அருங்காட்சியகமானாலும், ஏற்பார்களா, எந்த நிபந்தனையில் ஏற்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மறைந்த உறுப்பினர் ஒருவரின் நினைவாக ஆண்டுதோறும் ஆழியாறிலிருந்து வால்பாறை வரை கார் பயணம் நடத்தி, வெற்றிக் கோப்பையும் கொடுக்கலாம் என்று எங்கள் மன்றத்தில் பேச்சு. மார்பளவுச் சிலை வைக்க வேண்டும் என்று வேறு சிலர். தங்கள் கருத்து? (பொள்ளாச்சி)

பதில்: சிலை வேண்டாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. பணக்காரர்களின் விளையாட்டாக மட்டும் இருந்த கார் பந்தயத்தில், மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஃபார்முலா கார்களைக் கட்டிக் கொடுத்து இளைஞர்களை இறக்கிவிட்டவர் கோவையைச் சேர்ந்த கரிவரதன். 1995-இல் சிறுவிமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் சூட்டினார்கள். வண்டி ஓட்டக் கற்க வரும் பிள்ளை ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்க வேண்டும்.

வால்பாறைப் பயணம் நல்ல யோசனை, கோப்பை வேண்டாம். 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பொதுச்சாலையில் கோப்பை என்ற பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவருக்குக் கால் அழுந்தும். ஒன்பதாவது வளைவை ஒட்டி வரையாடுகள் சாலையோரத்துக்கு வரும், மேலே போனால் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். ஹாரனும் வேகமும் அங்கே ஆகாது. பழைய ரேடியேட்டர்கள் ஏற்றத்தில் கொதிக்கும் என்பதால் எப்படியும் நின்று நின்றுதான் போக வேண்டியிருக்கும். அந்த நிறுத்தங்களில் போனவரைப் பற்றிப் பேசிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

உங்கள் கடிதத்தில் நான் தேடியும் காணாத ஒருவர் உண்டு. மன்றங்கள் கார் வைத்திருந்தவர்களை நினைவுகூர்கின்றன. காரை ஓட வைத்தவர்களை மறந்துவிடுகின்றன. சீமையில் தேடியும் கிடைக்காத ஒரு புஷ்ஷைக் கன்மெட்டலில் கடைந்து கொடுத்த சிங்காநல்லூர் லேத் பட்டறைக்காரர், மட்கிப் போன கதவின் அடிப்பகுதியைப் புதுத் தகடு வெட்டி ஒட்டிய டிங்கரிங் மேஸ்திரி, இவர்களில் யாரும் உறுப்பினர் பட்டியலில் இருக்க மாட்டார்கள். உங்கள் உறுப்பினரின் காரைத் தொட்டவர்கள் யார் யார் என்று விசாரித்து, உயிரோடு இருப்பவர்களை முதல் காரில் உட்கார வைத்து அழைத்துப் போங்கள். இறந்தவர்கள் வீட்டுக்கு அழைப்பிதழை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 24. பனியன் கம்பெனியில் வேலை. சொந்தமாகப் பழைய கார் இல்லை, வாங்கும் வசதியும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் ஸ்போர்ட்ஸ் காரில் என்னைச் சிறு வயதில் ஏற்றிச் செல்வார். அவர் இப்போது இல்லை. அவருடைய மன்றத்தில் நான் சேரலாமா? (திருப்பூர்)

பதில்: விதிமுறை எப்படி இருந்தாலும் போய்க் கேளுங்கள், அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பல மன்றங்களில் கார்கள் நன்றாகவே இருக்கின்றன, முதுகு வளைத்து அடியில் படுக்கத்தான் ஆள் இல்லை. சந்தாவைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அவர்களுக்கு அதிகம் தேவைப்படும். போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு செல்லுங்கள். பெரியவர்கள் கார்புரேட்டரைப் பிரிக்கும்போது அருகில் நின்று, எந்த ஜெட், எந்த ஊசி, டேஷ்பாட் என்ற எண்ணெய்க் கூட்டில் எந்த எண்ணெய், எவ்வளவு என்று கேட்டுத் தேதி போட்டு எழுதுங்கள். முடிந்தால் அவர்கள் பேசுவதைச் செல்போனில் பதிவு செய்யவும் அனுமதி கேளுங்கள்; முதல் நாளே கேட்க வேண்டாம், இரண்டு மூன்று முறை போய் ஸ்பானர் எடுத்துக் கொடுத்த பிறகு கேளுங்கள்.