பத்துக்குப் பன்னிரண்டு ஹோலுக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. முன் ஹோல் பத்துக்குப் பன்னிரண்டு அடி, சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை. அப்பா நாதஸ்வரமும் பழைய சினிமாப் பாட்டும் கேட்பார். நான் போனிலிருந்து எல்லாவிதப் பாட்டும் கேட்பேன். இரவில் டிவிச் சத்தமும் அதிலேயே வந்தால் நல்லது. டவுனில் ஒரு கடையில் சப்வூஃபரோடு “ஆயிரம் வொட்” செட் ஒன்றைக் காட்டினார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா ஸ்டூடியோ மொனிட்டர் ஸ்பீக்கர் ஒரு சோடி அனுப்பவா என்று கேட்கிறார். தனியாக அம்ப்ளிபயர் வைக்க இடமில்லை. எதை எடுப்பது?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 4 அங்குல வூஃபரோடு (தாழ்ந்த ஒலி தரும் கூம்பு), அம்ப்ளிபயர் உள்ளேயே பொருத்தி வருகிற ஒரு சோடி சின்ன ஸ்பீக்கர் உங்கள் ஹோலுக்குப் போதும். ஆயிரம் வொட் செட்டை விட்டுவிடுங்கள். அண்ணா அனுப்புவதாக இருந்தால், பெட்டியின் பின்பக்க லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

அந்த ஆயிரம் வொட் பெரும்பாலும் பிஎம்பிஓ கணக்கு, அதாவது ஒரு கணம் எட்டும் உச்சம் என்று சொல்லிப் போடும் எண். அதை எப்படி அளக்க வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது; விற்பவர் விரும்பிய எண்ணைப் போடலாம். நீங்கள் கேட்க வேண்டியது ஆர்எம்எஸ் வொட், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு. கடையில் பதில் வராவிட்டால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று பின்னால் அச்சிட்டிருக்கும். அங்கே 60 வொட் என்றிருந்தால், முன்னால் ஒட்டிய ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் அந்தப் பெட்டியால் தொடர்ந்து 60 வொட்டுக்கு மேல் கொடுக்க முடியாது. இழுப்பதைவிட அதிகமாகக் கொடுக்கும் இயந்திரம் இன்னும் வரவில்லை.

உங்களுக்கு எவ்வளவு தேவை? சின்ன ஸ்பீக்கர் ஒன்று ஒரு வொட்டில், ஒரு மீற்றர் தூரத்தில் சுமார் 85 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) தரும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இரண்டு மீற்றர் தள்ளி உட்கார்ந்தால் 6 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஆக ஒரு வொட்டிலேயே 82. ஒவ்வொரு பக்கமும் 20 வொட் இருந்தால் அதற்கு மேல் இன்னும் 13 டெசிபல் கிடைக்கும். தவில் அடி விழும் கணங்களில் 95 வரை போகலாம். வீட்டில் கொஞ்சம் சத்தமாகக் கேட்பதே 75, 80 டெசிபல்தான். வொட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் சுமார் பத்து மடங்கு வொட் வேண்டும். ஆகவே 20 வொட்டா 30 வொட்டா என்று மண்டையைப் போட்டு உடைக்காதீர்கள்.

உடைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. சீமெந்துச் சுவர் தாழ்ந்த ஒலியை உறிஞ்சாது, திருப்பி அனுப்பும். சுவருக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தைப் பொறுத்துச் சில சுருதிகளில் அறையே கூடச் சேர்ந்து முழங்கும். உங்கள் ஹோலில் 12 அடிப் பக்கம் ஏறத்தாழ 48 ஹேர்ட்ஸிலும் (நொடிக்கு 48 அதிர்வு), 10 அடிப் பக்கம் 57 ஹேர்ட்ஸிலும் அதைச் செய்யும். மலிவான சப்வூஃபர் செட்டுகள் குத்துவது கிட்டத்தட்ட இதே இடத்தில்தான். பெட்டி “தும்” என்றால் அறை “தும்ம்ம்” என்று இழுக்கும். ஒரு நாள் புதுமையாக இருக்கும். அப்புறம் எல்லாப் பாட்டிலும் ஒரே பேஸ் சுருதி கேட்கிறதே என்று எரிச்சல் வரும். 4 அங்குல ஸ்பீக்கர் 60, 70 ஹேர்ட்ஸுக்குக் கீழே தானாகவே மெலிந்துவிடுவதால், உங்கள் அறையைப் பொறுத்தவரை அந்தக் குறையே நன்மை. (ஓட்டுக் கூரை, சீலிங் இல்லாத ஹோல் என்றால் முழக்கம் இவ்வளவு இருக்காது, சத்தம் கூரை வழியே வெளியேறிவிடும்.)

சின்னப் பெட்டியில் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) கேட்காமல் போகுமோ என்று அப்பா கேட்கலாம். போகாது. பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹேர்ட்ஸ். அதைக்கூடச் சின்ன ஸ்பீக்கரில் நம்மால் அடையாளம் காண முடிகிறது. ஒரு சுருதியோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்குச் சுருதிகளும் கூடவே ஒலிக்கும். அவற்றைக் கேட்டதும் அடியில் இருக்க வேண்டியதை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். நெஞ்சில் படுகிற அந்தக் கனம் மட்டும் குறையும். ஆண் குரலின் அடிச் சுருதி பெரும்பாலும் 85 ஹேர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்குகிறது, ஆகவே பழைய பாட்டுகளில் எதுவும் இழக்க மாட்டீர்கள்.

விவரத் தாளில் ஹேர்ட்ஸ் எண்ணைப் பார்க்கும்போது பக்கத்தில் டெசிபல் போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். யமஹா எச்எஸ்5 என்ற ஸ்டூடியோ மொனிட்டர் நல்ல உதாரணம். அதன் தாழ்ந்த எல்லை 54 ஹேர்ட்ஸ் என்பது ஒலி 10 டெசிபல் விழுந்த இடம். 3 டெசிபல் மட்டும் விழுந்த இடம் 74 ஹேர்ட்ஸ். யமஹா இரண்டையும் நேர்மையாகப் போடுகிறது. டெசிபல் எதுவும் சொல்லாமல் “20 முதல் 20,000 ஹேர்ட்ஸ்” என்று மட்டும் எழுதிய சின்னப் பெட்டியை நான் நம்ப மாட்டேன்.

இனி அண்ணாவின் ஸ்டூடியோ மொனிட்டர். ஒலிப்பதிவு செய்பவர் மேசைக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக் கேட்பதற்காகச் செய்தவை அவை. பலவற்றில் வூஃபருக்கும், கூர்மையான ஒலி தரும் ட்வீட்டருக்கும் தனித்தனி அம்ப்ளிபயர் இருக்கும். குரல் தெளிவு அருமை. ஆனால் எச்எஸ்5 போன்றவற்றில் புளூடூத் இல்லை, ரிமோட் இல்லை, சாதாரண ஆர்சிஏ வயர் (சிவப்பு, வெள்ளை முனையோடு வருவது) நேராகக் குத்தவும் முடியாது. சத்தத்தைக் கூட்டும் குமிழ் ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் தனித்தனியாக இருக்கும். இரவு டிவி பார்க்கும்போது விளம்பரத்துக்கு விளம்பரம் எழுந்து போய் இரண்டு குமிழையும் திருகுவது யார்? குடும்பம் சுற்றி உட்காரும் ஹோலுக்கு அது தோது இல்லை. சில மொனிட்டர்களில் சும்மா இருக்கும்போதே “ஸ்ஸ்” என்று மெல்லிய இரைச்சல் வரும் என்று குறை சொல்வார்கள். திருகோணமலையில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஃபேன் சுழலும் சத்தத்தில் அது அமுங்கிவிடும்.

உங்கள் தேவைக்கு நேராகப் பொருந்துவது எடிஃபயர் ஆர்1280டிபி மாதிரியான ஒன்று. 4 அங்குல வூஃபர், இரண்டு பக்கமும் சேர்த்து 42 வொட் ஆர்எம்எஸ், புளூடூத், ஒப்டிக்கல் (ஒலியை வெளிச்சமாகக் கொண்டுவரும் வயருக்கான துளை), இரண்டு சோடி ஆர்சிஏ, ரிமோட். அம்ப்ளிபயர் ஒரு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மற்றதற்கு ஒரு வயர் போகும். காற்றுத் துளை முன்பக்கம் இருப்பதால் சுவருக்குக் கொஞ்சம் கிட்ட வைத்தாலும் பேஸ் அவ்வளவு குழம்பாது. இதே பெயரோடு கடைசியில் ‘எஸ்’ சேர்ந்த மாதிரியில் சப்வூஃபர் வயர் குத்த ஒரு துளையும் உண்டு. வேறு கம்பனியானாலும் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். லாப்டொப் மேசைக்கு மட்டும் என்றால் யூஎஸ்பியில் ஓடும் இன்னும் சின்னப் பெட்டிகளே போதும், ஹோலை அவற்றால் நிரப்ப முடியாது.

டிவியை ஒப்டிக்கல் வயரால் இணையுங்கள். இணைத்ததும் டிவியின் ஒலி அமைப்பில் வெளியீட்டை ‘பிசிஎம்’ என்று மாற்ற வேண்டும். டொல்பி என்று விட்டால் இப்படிப்பட்ட ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடும். ஸ்பீக்கர் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. போன் பாட்டுக்குப் புளூடூத் தாராளம். யூடியூப்பில் வருகிற ஒலியே சுருக்கப்பட்டதுதான், வயர் போட்டுப் பெரிதாக எதையும் மீட்க முடியாது.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது நன்றாகத் தெரிந்த பாட்டைப் போனில் கொண்டு போங்கள். ‘ச’வும் ‘ஸ’வும் அடிக்கடி வருகிற ஒரு பெண் குரல், ஒரு நாதஸ்வரத் துண்டு, இவை போதும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரை; நாதஸ்வரத்தின் காரமும் அங்கேதான் இருக்கிறது. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவருக்கு அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்பாவைக் கூட்டிப் போங்கள். பத்து நிமிடத்தில் அவர் முகம் சுளித்தால் அந்தப் பெட்டி வேண்டாம். இரண்டு செட்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும், விற்பவருக்கும் அது தெரியும்.

வீட்டில் வைக்கும் இடம், வாங்கும் மாதிரியைவிட முக்கியம். ஷோகேஸுக்குள் திணிக்காதீர்கள். மூலையிலும் வைக்காதீர்கள், பேஸ் வீங்கும். பின்சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு வரும்படி வையுங்கள். இரண்டு பெட்டிக்கும் இடையே ஐந்து, ஆறு அடி. நீங்கள் உட்காரும் இடமும் ஏறத்தாழ அதே தூரம். கதிரை பின்சுவரை ஒட்டியிருந்தால் அங்கேயும் பேஸ் குவியும், இரண்டு அடியாவது முன்னால் இழுங்கள். டைல்ஸில் பட்டு எகிறும் கூர்மையான சத்தத்துக்கு ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் நடுவில் ஒரு பாயும் ஜன்னலுக்குத் தடித்த திரையும் போதும்.

கனடாச் சாமானின் லேபிள் விஷயம் இதுதான். அங்கே 120 வோல்ட், இங்கே 230. லேபிளில் ‘100–240’ என்றிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிப் பாவிக்கலாம். 115, 230 என்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் கரண்ட் கொடுக்கும் முன் 230க்குத் தள்ள வேண்டும். வெறும் 120 என்றிருந்தால் இங்கே குத்திய உடனேயே கதை முடிந்துவிடும். இறக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டு ஓட்டலாம் என்பார்கள். கனமான பெட்டி, அதன் உறுமல் வேறு, நான் பரிந்துரைக்க மாட்டேன். லண்டனிலிருந்து வருவதில் இந்தச் சிக்கல் இல்லை, வோல்ட்டும் சதுர மூன்று முனை 13 அம்பியர் பிளக்கும் ஒன்றே.

கடைசியாகக் கடல். வாடைக் காலத்தில் காற்று கடலிலிருந்து நேராக ஈரத்தையும் உப்பையும் வீட்டுக்குள் கொண்டுவரும், கச்சான் காற்றில் தூசி. பழைய ஸ்பீக்கர்களைத் திறந்தால் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் கை பட்டதும் பிசுபிசுவென்று உதிர்வதைப் பார்க்கலாம். காற்றின் ஈரமே அந்த ஃபோமைக் காலப்போக்கில் கரைக்கிறது. ஆகவே றப்பர் வளையம் உள்ளதாகப் பாருங்கள். கடையில் விரல் நுனியால் மெல்லத் தொட்டாலே தெரியும். எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செய்த) பலகைப் பெட்டி ஈரம் ஏறினால் ஊதும், தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள், கடல்பக்க ஜன்னலுக்கு நேரே வேண்டாம். ஆர்சிஏ முனைகளை மாதம் ஒரு தடவை கழற்றித் திரும்பக் குத்துங்கள். கரகரப்பு வருவதற்குப் பெரும்பாலும் அங்கே படியும் களிம்புதான் காரணம். மாதக்கணக்கில் மூடி வைப்பதைவிட அடிக்கடி ஓட்டுவதே பெட்டிக்கு நல்லது, உள்ளே வரும் இளஞ்சூடு ஈரத்தை விரட்டும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி இடிக்கும்போது சுவிட்சை நிறுத்தினால் போதாது. ஸ்பீக்கர் பிளக்கையும் டிவி பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள். ஒப்டிக்கல் வயரை மட்டும் அப்படியே விடலாம். அதில் ஓடுவது வெளிச்சம், மின்சாரம் அல்ல.