நடைக்கேற்பத் தாளமிடும் நிரல்: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

அம்மையீர்,

பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகள், ஒருவர் நடப்பதைக் கேமரா வழியாகக் கவனித்து அவருடைய அடிகளுக்கேற்பத் தாளம் ஒலிக்கும் நிரலொன்றை எழுதியிருப்பதாகவும், பொதுத்தேர்வு ஆண்டில் இது வீண் விளையாட்டாகப் படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிக் கருதவில்லை. உடலசைவைப் பாதிக்கும் நரம்பு நோயான பார்க்கின்சன் உள்ளவர்கள் சீரான தாளத்தைக் கேட்டபடி மூன்று வாரம் பயிற்சி செய்தபோது அவர்களுடைய நடைவேகமும் அடியின் நீளமும் கூடியதை மைக்கேல் தாவ்ட் குழுவினர் 1996இலேயே வெளியிட்டார்கள். நடப்பவரின் அடியைப் பின்பற்றித் தாளமும் தன்னைத் திருத்திக்கொள்ளும் 'வாக்-மேட்' அமைப்பை ஜப்பானில் யோஷிஹிரோ மியாகே உருவாக்கினார்.

இதில் கடினமான பகுதி நேரக்கணக்கு. நிமிடத்துக்கு 110 அடி நடப்பவருக்கு இரண்டு அடிகளுக்கு இடையே ஏறத்தாழ 545 மில்லிவினாடிதான் இருக்கிறது. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கே 33 மில்லிவினாடி ஆகிவிடும். அதன்பின் மீடியாபைப் போன்ற மென்பொருள் உடலின் 33 புள்ளிகளைக் கண்டறிய வேண்டும். ஒலி வெளிவருவதற்கும் சற்று நேரம் பிடிக்கும். குதிகால் தரையைத் தொட்டதைக் கண்ட பிறகே ஒலித்தால் தாளம் எப்போதும் பின்தங்கும் என்பதால், முந்தைய அடிகளைக் கொண்டு அடுத்த அடி விழும் கணத்தை முன்கூட்டியே கணிக்க வேண்டும். கணிப்பு பிசகினால், நடப்பவர் தடுமாறாதபடி, சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். இதை எப்படிச் சமாளித்தாய் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர் ஆர்வத்தோடு விளக்கத் தொடங்கினால், மதிப்பெண் பட்டியல் காட்டாத ஒன்றைத் தாங்கள் அறிந்துகொள்வீர்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, பெயரிலேயே செயற்கை நுண்ணறிவைத் தாங்கிவரும் பட்டங்களைவிட, சிக்னல் பிராசசிங்கை (ஒலி, காணொளி போன்ற சமிக்ஞைகளைக் கணித முறையில் ஆராயும் பாடம்) ஆழமாகக் கற்பிக்கும் இசிஇ (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) பிரிவையே பரிந்துரைப்பேன். பைத்தான் நிரல்மொழியையும், படங்களைக் கணினி புரிந்துகொள்ளச் செய்யும் கணினிப் பார்வையையும் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அடிப்படைக் கணிதத்தைப் பின்னால் தேடிப் பிடிப்பது கடினம். பின்னர் மருத்துவக் கருவிகள் பக்கம் மாற விரும்பினால், முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் 2020 முதல் உயிர்மருத்துவப் பொறியியலுக்குத் தனித்தாள் உண்டு. இத்தகைய நிரல் எழுதுவதற்கென்றே உள்ள வேலைகள் மிகக் குறைவு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மறுவாழ்வுக் கருவிகள், விளையாட்டுப் பயிற்சி, அணிகருவிகள் (ஸ்மார்ட் வாட்ச் போல உடலில் அணிபவை) ஆகிய துறைகளில்தான் இத்திறனுக்குத் தேவை இருக்கும்.

இப்போதைக்கு நிரலையும் சோதனைக் காணொளிகளையும் தேதியிட்டுச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்ட் உடனில்லாமல், நடை தளர்ந்த முதியவர்களிடம் அதைச் சோதிக்க அனுமதிக்க வேண்டாம்.