மனம் சோர்ந்திருக்கும்போது திருவருகைக் காலத்து எதிர்நோக்கை எங்கே தேடுவது?

"நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) முந்தைய நான்கு ஞாயிறுகளும் வரும் திருவருகைக் காலம் எதிர்நோக்கின் காலம் என்கிறார்கள். எனக்குள் அப்படி எதுவும் இல்லையே, மற்றவருக்கு எதைக் கொடுப்பது?" என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்தச் சொல்லைப் பாருங்கள். வரப்போகிறவருக்காக வாசலைப் பார்த்திருப்பதுதான் எதிர்நோக்கு. சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. இந்த நாட்களில் அதிகம் வாசிக்கப்படும் இறைவாக்கினர் எசாயாவும் இருளில் நடந்த மக்களைப் பற்றித்தான் பேசினார். ஆகவே சோர்வோடேயே தொடங்கலாம். இந்தக் காலத்தில் நான்கு மெழுகுதிரிகளோடு வைக்கும் பச்சை இலை வளையத்தில், முதல் ஞாயிறன்று ஒரே ஒரு ஊதா மெழுகுதிரிதான் எரியும். மற்ற மூன்றும் திரி கருகாமல் அப்படியே காத்து நிற்கும். எனக்கு அது பெரிய ஆறுதல்.

கொழும்பில் இருந்தால், ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போங்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடம். இன்றும் அங்கே மெழுகுதிரியோடு சனம் நிற்கிறது, வேறு மதத்தவரும்தான்.

சரி, பகிர்வது? பிரசங்கம் வேண்டாம். கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, கணவர் இறந்த வருடம், இயேசு பிறப்பைக் காட்டும் பாலன் குடில் வைக்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல், கொஞ்சம் வைக்கோலும் ஒரு மண் ஆட்டுக்குட்டியும் கொண்டுபோய் அவரோடு உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி குடித்தார்கள், அழுதார்கள், அவ்வளவுதான். நத்தாருக்கு முதல்நாள் இரவு பார்த்தேன், அந்த ஆட்டுக்குட்டி அக்காவின் ஜன்னலில் நின்றது, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கோடு.